தோளில் தங்கிய கை

மருமகள் வேலைக்குப் போவதில் பெரியவருக்கு வருத்தமில்லை. சினிமாப் பத்திரிகைக்கு அட்டை செய்கிறாள் என்பதுதான் தொண்டையில் சிக்கிய முள். யாராவது கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சினிமா என்ற சொல்லே அந்த வீட்டில் ஐம்பது வருடத்துக்கு மேலாகப் புழங்கியதில்லை. அவருடைய தங்கை நடிக்கப் போன அன்றோடு அது நின்றது. "நம்ம குடும்பப் பேரை எங்கேயும் சொல்லிடாதே" என்று வாசலில் நின்று சொன்னவர் அவர்தான். அவளும் ரோஷக்காரி, கடைசிவரை சொல்லவில்லை. அவள் இறந்த செய்தி வந்தபோதும் அவர் போகவில்லை.

கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்திலிருந்து அவளைக் கத்தரியால் நறுக்கி எடுத்தவரும் அவரே. ஆனால் படத்தில் அவள் அண்ணன் தோளில் கை போட்டிருந்தாள். அதை வெட்டினால் அவர் தோளும் சேர்ந்து போகும். ஆகவே கை மட்டும் தங்கிவிட்டது. அதன் சுண்டுவிரல் பாதியில் வளைந்திருக்கும். சிறுவயதில் அவர் கோபத்தில் ஓங்கிச் சாத்திய கதவில் நசுங்கிய விரல். வந்தவர்கள் யாராவது உற்றுப் பார்த்தால், "சட்டை மடிப்பு" என்பார்.

அன்று காலை செய்தித்தாளைத் தேடி மருமகளின் அறைக்குள் போனார். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பத்திரிகை ஆசிரியரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"பன்னிரண்டு மணிக்கு அட்டை உங்க கையில இருக்கும் சார். அந்தத் தோழியத் தூக்கியாச்சு."

போனை வைத்ததும் பெரியவர் கேட்டார். "யாரைம்மா தூக்குறே? அடியாள் வேலையும் சேர்த்துப் பாக்குறியா?"

அவள் சிரித்துவிட்டாள். "பழைய படம் மாமா. வந்து அம்பது வருஷமாச்சுன்னு சிறப்பிதழ் போடுறாங்க. கதாநாயகி பக்கத்துல ஒரு தோழி நின்னாங்க. அந்த இடம் தலைப்புக்கு வேணுமாம். ஆளை மறைச்சாச்சு, கை மட்டும் பாக்கி. விரலுக்கு அடியில துணியோட பூவேலை ஓடுது. அதை வரைஞ்சுதான் மூடணும்."

திரும்பிப் போகத்தான் நினைத்தார். திரை முழுக்கக் கதாநாயகியின் தோள் பெரிதாகத் தெரிந்தது. அதன்மேல் உடம்பில்லாத ஒரு கை. சுண்டுவிரல் பாதியில் வளைந்திருந்தது. அழிப்பதற்கான மவுஸ் வட்டம் அந்த விரல் நுனியில் நின்றது.

"நிறுத்தும்மா."

"என்ன மாமா?"

"மவுஸ விடுன்னா விடேன்!"

விட்டாள். அவர் கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? இல்ல, போனது போனதுதானா?" என்றார்.

மருமகள் அவரைப் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டிக் கூடத்துப் படத்தைப் பார்த்தாள். மூன்று வருடமாக அந்தக் கண்ணாடியைத் துடைத்து வருபவள் அவள்தான். யாரென்று கேட்கவில்லை.

"எங்கேயும் போகல மாமா. மேல ஒரு லேயர் போட்டு மூடியிருக்கேன், அவ்வளவுதான்."

திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருந்தது. அதை ஒரு தட்டுத் தட்டினாள். தங்கை வந்து நின்றாள். தலையைச் சாய்த்து, எதையோ சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்குகிறவளைப் போல.

பெரியவரின் கை தானாகத் தன் தோளுக்குப் போனது.

"இளைச்சுட்டா" என்றார்.

மருமகள் போனை எடுத்தாள். "சார், தோழி இருக்கட்டும். தலைப்பை அவங்க தலைக்குப் பின்னாடி விடுறேன்... பாத்துட்டுத் திட்டுங்க சார், பாக்காம திட்டாதீங்க."

எழுத்தைச் சுருக்கினாள், ஏற்றினாள், இறக்கினாள். பெரியவர் செய்தித்தாளை மறந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டுக்குச் சற்று முன்பு ஆசிரியரின் பதில் வந்தது.

"ஒத்துக்கிட்டார் மாமா! அட்டைப் படத்துக்கு உள்பக்கத்துல ஒரு குறிப்பு வரும். கதாநாயகியுடன் பெயர் தெரியாத துணை நடிகைன்னு போடச் சொல்றார்."

பெரியவர் விருட்டென்று எழுந்தார். முதுகு நிமிர்ந்தது.

"பேரு தெரியாதா? எவன் சொன்னான்? கேக்க நாதியில்லாதவளா அவ? எழுதிக்கோ."

ஐம்பது வருடமாக உச்சரிக்காத பெயரைச் சொன்னார். மருமகள் தட்டினாள்.

"முன்னாடி நம்ம குடும்பப் பேரையும் சேத்துக்கோ" என்றார். "பிழை கிழை வந்துச்சு, குடும்பத்துக்கே அவமானம். ரெண்டு தடவை படிச்சுக் காட்டு."