மிச்சம்

"இந்தா, நீ தின்னுரு. வேஸ்ட் பண்ணிறாத" என்று விஜிதரன் தட்டைப் புறங்கையால் தள்ளிவிட்டு ஏப்பம் விட்டான்.

தட்டு நாகலெட்சுமியின் முழங்காலில் வந்து முட்டி நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். ஹட்டன் டவுனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மெகா ரைஸ். மேலே இருந்த கோழியும் முட்டையும் காணாமல் போயிருந்தன. சப்பித் துப்பிய எலும்புகள் சோற்றின் மேலேயே கிடந்தன. தக்காளி சோஸ் ஒரு பக்கம் வழிந்து அவன் விரல் போன தடத்தில் காய்ந்திருந்தது. மலைக்குளிருக்கு எண்ணெய் உறைந்துபோய்த் தட்டோரம் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. பல் குத்திய குச்சியையும் அதிலேயே செருகி வைத்திருந்தான் மகராசன். சீ! அப்படியும் இன்னும் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடுகிற அளவு சோறு அதில் மிஞ்சியிருந்தது.

அவளுக்குப் பசியே இல்லை. கொஞ்சம் முன்புதான் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டிருந்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போகப் பார்த்தாள்.

"புருசன் தட்டுல திங்கிறதுக்கு என்னாடி மொகத்த சுளிக்கிற?" என்றது மூலைக்கட்டிலில் இருந்து ஒரு குரல். மாமியார் நல்லமுத்து. இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்தில் இரண்டு கால்விரல்களை எடுத்து, பாதத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சோத்தக் கொட்டுற வீடு வெளங்காது. ஒக்காந்து சாப்புடு."

நாகலெட்சுமி உட்கார்ந்தாள். குச்சியைப் பிடுங்கிப் போட்டாள். எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் நாற்பத்தேழு கிலோ. கொழுந்து எடுக்கிற மலையில் அவள் கால் நிற்காது, ஓடும். இப்போது எண்பத்தொன்பது. இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி முன்பு இரண்டு சுற்று வரும், இப்போது ஒரு சுற்றுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தேயிலை நிரையில் பாதி ஏறுவதற்குள் முழங்கால் விட்டுப்போகிறது. அவளைத் தன் திரீவீல் ஆட்டோவில் ஏற்றும்போது விஜிதரன் ஸ்டாண்டில் நிற்கிற மற்ற டிரைவர்கள் காதில் விழும்படி, "பாத்து ஏறு, ஸ்பிரிங் ஒடஞ்சிரப் போவுது" என்பான். அவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். போன மாசம் அவன் கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை விட்டுவிட்டுத்தான் போனான். இத்தனையையும் யார் அவள் வயிற்றில் கொட்டினார்கள் என்று அந்த மடையனுக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்குமா?

வீட்டு ஆம்பிளை சாப்பிட்ட பிறகு அவன் தட்டில் மிஞ்சியதை மனைவி சாப்பிடுவது இந்த லயத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். நல்லமுத்துவும் முப்பது வருஷம் அப்படித்தான் சாப்பிட்டாள். ஆனால் அந்தக் காலத்துத் தட்டில் என்ன மிஞ்சும்? ஒரு பிடி சோறு, கொஞ்சம் புளிக்குழம்பு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கருவாட்டுத் தலை. இப்போது அப்படியா? டவுனில் புதிதாக ஒரு கடை திறந்தார்கள். முதலில் நோமல், ஃபுல் என்று இரண்டு அளவு இருந்தது. பிறகு பழைய ஃபுல்லுக்கு நோமல் என்று பெயர் வந்தது. பிறகு மெகா வந்தது, கூடவே ஒரு பெரிய சோடாப் போத்தல் இலவசம். மெகா வாங்குகிறவனுக்குத்தான் மரியாதை.

"ஆம்பள போயி நோமல் ஒண்ணுன்னு கேட்டா கடைக்காரனே சிரிப்பான்" என்பான் விஜிதரன். வாரத்தில் நாலு நாள் மெகா. மேலே இருக்கிற இறைச்சியைத் தின்பான், பாதிச் சோற்றை அளைவான், தள்ளிவிடுவான்.

நல்லமுத்துவைத் திட்டவும் மனசு வராது. பஞ்ச காலத்தில் அவளுக்கு எட்டு வயசு. தம்பி ஒருத்தன் கோதுமை மாவுக் கஞ்சிகூடக் கிடைக்காமல் அவள் மடியிலேயே கண்ணை மூடினான். அன்றிலிருந்து ஒரு பருக்கை தரையில் விழுந்தாலும் அவளுக்கு உடம்பு நடுங்கும். ஆனால் அந்த நடுக்கம் மகன் மெகா வாங்கும்போது வரவில்லை, மருமகள் சோற்றை வைத்துவிட்டு எழுந்தால் மட்டும் வந்தது. இந்த நியாயம் எந்த ஊர் நியாயமோ!

அந்த வாரம் புதன்கிழமை நாகலெட்சுமிக்கு மலையில் தலைசுற்றல் வந்து, கூட இருந்தவர்கள் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே அக்குறணைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த நர்ஸ் நஸீரா மிஸ் இருந்தாள். எடை பார்த்தாள், விரலில் குத்திச் சீனி பார்த்தாள், புருவத்தை உயர்த்தினாள்.

"ஒங்கட மாமிட காலப் பாத்தீங்க தானே? அதே வழியிலதான் நீங்களும் போறீங்க. மறைக்காம செல்லுங்க, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்புடுறீங்க?"

"காலையில ரொட்டி மிஸ். பகலைக்கும் ரொட்டி, இல்லாட்டிக் கொஞ்சமா சோறு."

"ராவைக்கு?"

நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "மிச்சம் மிஸ்."

"மிச்சமா?"

"ஆமா மிஸ். அநேகமா மிச்சந்தான்."

நஸீரா பேனாவைக் கீழே வைத்தாள். "அல்லாஹ்வே! இப்பிடி மிச்சம் மிச்சமாத் தின்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? இனி மிச்சம் சாப்புடவே கூடாது. யாரு வற்புறுத்தினாலும் சரி. வெளங்கினா?"

நாகலெட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்ற தாய்க்குத் தோன்றாதது, பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரிக்குத் தோன்றாதது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியது? "சரிங்க மிஸ்" என்று மட்டும் சொன்னாள். நஸீரா கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தாள். 'மிச்சம் சாப்பிடக் கூடாது.'

நஸீராவின் ஊர்ப் பேச்சில் மிச்சம் என்றால் நிறைய என்று அர்த்தம். பாவம், அவள் நிறையத் தின்னாதே என்றுதான் எழுதினாள். நாகலெட்சுமிக்கோ மிச்சம் என்றால் மிஞ்சியது, பன்னிரண்டு வருஷமாக அவள் தட்டில் விழுந்தது. அந்தக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் மேட்டில் ஏறி வந்தாள். அன்றைக்கு முழங்கால்கூட அவ்வளவாக வலிக்கவில்லை.

நாலு நாள் டவுனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்த விஜிதரன் ஞாயிற்றுக்கிழமை பகல் மறுபடியும் மெகாவோடு வந்தான். டிவியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். வழக்கம்போல் தட்டைத் தள்ளினான்.

"எனக்கு வேணாங்க" என்றாள் நாகலெட்சுமி. கொப்பியை விரித்து அவன் முன்னால் வைத்தாள். "கிளினிக்ல மிஸ் எழுதிக் குடுத்திருக்காங்க. மிச்சம் சாப்புடக் கூடாதாம்."

அவன் வாசித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துப் புரையேறி, சோடாவைக் குடித்துத்தான் நிறுத்தினான். "எந்த மிஸ், அந்த முஸ்லிம் மிஸ்ஸா? ஏய் கூறுகெட்டவளே! அவங்க பேச்சுல மிச்சம்னா நெறைய. தெனம் எத்தன பேர ஏத்தி எறக்குறேன், எனக்குத் தெரியாதா? நெறைய திங்காதன்னு எழுதிருக்காங்கடி, மிச்சத்தத் திங்காதன்னு இல்ல!"

நாகலெட்சுமிக்கு முகம் சூடேறிவிட்டது. நாலு நாளாக நெஞ்சில் வைத்துக் கொண்டாடியது இதைத்தானா? கொப்பியை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு எழுத்து அப்படியேதான் இருந்தது. அவள் அதை மெதுவாக மூடினாள்.

"நம்ம வீட்ல ரெண்டும் ஒண்ணுதானேங்க" என்றாள்.

அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். நல்லமுத்து கட்டிலில் இருந்து நிமிர்ந்தாள்.

"அப்ப இவ்வளவு சோத்த என்னா செய்றது? குப்பையில கொட்டப் போறியா? நீ திங்காட்டிப் போ. பாப்பா! ஏய் சுலக்ஷனா! இங்க வா. அப்பா தட்ட நீ எடுத்துக்க."

"அத்தே, அவ சின்னப்புள்ள. சாப்புட்டுட்டா."

"பொம்பளப்புள்ளதானே? பழகட்டும். நாளைக்குப் போற எடத்துல ஒன்னய மாதிரி மூஞ்சத் தூக்காம இருப்பா."

பதினோரு வயசுச் சுலக்ஷனா வீட்டுப்பாடக் கொப்பியை வைத்துவிட்டு வந்தாள். குச்சிக் கால்கள், ஒட்டிய வயிறு. அம்மாவை ஒரு தடவை பார்த்தாள், பாட்டியை ஒரு தடவை பார்த்தாள். சண்டை வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தே படித்திருக்கிறாள். நாகலெட்சுமி பிள்ளையின் கையைப் பிடித்து விலக்கிவிட்டுத் தட்டைத் தூக்கினாள். விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள்.

வாசல் தூணில் டைகரைக் கட்டியிருந்தார்கள். விஜிதரன் கண்டியிலிருந்து குட்டியாக வாங்கிவந்து வளர்க்கிற சாதிநாய். தட்டைக் கண்டதும் அது வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. நாகலெட்சுமி குனிந்தாள்.

"ஏய், ஏய்! டைகருக்குப் போட்டுறாத!" விஜிதரன் துள்ளி எழுந்து ஓடி வந்தான். "எண்ணெச் சோறு அவனுக்கு ஆகாது! மிருக டாக்டரு என்னா சொன்னாரு? கண்டதப் போட்டு ஒடம்பு வச்சிட்டா நாயி சீக்கிரம் செத்துரும்னு சொன்னாருல்ல?"

"ஆமாடி, போட்டுறாத" என்றாள் நல்லமுத்துவும் உள்ளேயிருந்து. "வாயில்லாத சீவன்டி அது. பாவம்."

நாகலெட்சுமி நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். திரும்பி மாமியாரைப் பார்த்தாள். தாங்கள் சொன்னது தங்கள் காதிலேயே விழுந்து, யாராவது ஒருவர் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். விஜிதரன் குனிந்து டைகரின் வாயைப் பிளந்து, ஏதாவது தின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். த்தூ!

அவள் நாலு அடி நடந்து, லயத்தின் முன்னால் ஓடுகிற சாக்கடைக் கானில் தட்டைக் கவிழ்த்தாள். பத்துக் காம்பிராவும் பார்க்க, பட்டப்பகலில் கவிழ்த்தாள். சோறு எண்ணெய் மினுங்கத் தண்ணீரோடு போயிற்று. உள்ளே நல்லமுத்து, "ஐயோ, சோத்தக் கொட்டிட்டாளே! பாவி, சோத்தக் கொட்டிட்டாளே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. விஜிதரன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அத்தனை முகங்களையும் கண்டதும் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

விடிவதற்குள் தோட்டத்தின் மேல் டிவிசன், கீழ் டிவிசன் எல்லாம் சேதி போய்விட்டது. நாகலெட்சுமி சோற்றைக் கொட்டிவிட்டாள். கொழுப்பெடுத்தவள், தின்று கொழுத்தவள், அன்னலெட்சுமியைக் கானில் விட்டவள். அது யார் தின்று துப்பிய சோறு என்று கேட்க ஒரு நாதி இல்லை.

திங்கட்கிழமை காலை மலையில் அவளோடு யாரும் பேசவில்லை. நிரையில் ஏறும்போது பின்னால் குசுகுசு என்று சத்தம் மட்டும் வந்தது. அவள் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கத்து நிரைப் பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன் லெச்சுமி, அவ்வளவு சோத்தயும் அப்பிடியா கொட்டுறது? வீட்ல நாயி இருக்குதுல்ல, அதுக்காச்சும் போட்டிருக்கலாம்ல?"

"போடத்தான் போனேன் அக்கா" என்றாள் நாகலெட்சுமி, கொழுந்திலிருந்து கையை எடுக்காமல். "நாயி தின்னா செத்துருமாம். எங்க வீட்ல சொன்னாங்க."