ஏலச்செடித் தூரில் கிடந்த எச்சில்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மழைச் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிடும். சாப்பிட்டாயிற்றல்லவா? நல்லது. வயிற்றைக் குமட்டும் கதைதான், ஆனாலும் கேளுங்கள்.

எழுபத்து நாலாம் வருஷம். ஆனைக்கரை ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள் சிசிலி. அவள் கடைவாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் ஊறிக்கொண்டிருக்கும். உதட்டோரம் காய்ந்த சிவப்பு. பேசினால் எதிரில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும். அட்டை கடித்துக் கடித்து அவள் கால் சீழ் பிடித்திருந்தது. காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் வேலை கிடைத்தால்தான் அந்தக் கால் ஆறும். கங்காணி பொன்ராஜ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "வாசம் பாத்து வாங்குத சரக்கு பிள்ள. ஒன்ன உள்ள விட்டா காயெல்லாம் பொயிலை நாறும்."

மூன்று தவக்காலம் நேர்ச்சை வைத்துப் பார்த்தாள். சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, நாற்பது நாளைக்குப் புகையிலையைத் தொடுவதில்லை என்று சத்தியம். ஐந்தாம் நாள் கை மடியில் முடிந்த புகையிலைக்குப் போய்விடும். சத்தியம்தான் போயிற்றே, இனி எதற்கு என்று அன்றைக்கே இரண்டு பங்கு போடுவாள்.

ஐப்பசியில் ஒரு நாள், பழுத்த காயை விட்டுவிட்டாளென்று பொன்ராஜ் அவளைக் காலையில் காய் எடுத்த அதே நிரைக்கு, அந்தச் செடி வரிசைக்கே, திருப்பி அனுப்பினார். ஏலம் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். குனிந்து கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். விட்ட கை எதிலோ வழுக்கியது. குளிர்ந்து கொழகொழவென்று இருந்தது. இழுத்தால் நூலாக நீண்டது. காய்களின் மேல் சிவப்பாக அப்பிக் கிடந்த அதில் ஓர் ஈ செத்து ஒட்டியிருந்தது.

"எந்த மூதி துப்புனது?"

பக்கத்து நிரையில் காய் எடுத்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் நிமிரவே இல்லை. "ஒன் நிரைதான மைனி. காலைல நீதான இங்கன குனிஞ்ச. நானா வெத்தல போடுதேன்?"

சிசிலி தன் கூடைக்குள் பார்த்தாள். அங்கேயும் ஆங்காங்கே சிவப்பு. எவளோ ஒரு தாய் இந்தக் காயைத் தட்டிப் பாலில் போட்டுப் பிள்ளைக்குப் புகட்டுவாள். வாயிலிருந்ததோடு காலைக் கஞ்சியும் வெளியே வந்து விழுந்தது.

அன்றைக்கு அவள் சத்தியம் எதுவும் செய்யவில்லை. கூடையை ஓடையில் மூன்று தரம் அலசினாள், அவ்வளவுதான். மறுநாள் ஒருத்தி நீட்டிய புகையிலையை ஒதுக்கினாள்.

"தவக்காலம் வரலியே மைனி, யாருக்கு நேர்ச்சை?" என்றாள் மூக்கம்மாள்.

"நேர்ச்சையெல்லாம் இல்லட்டி. பிள்ளைங்க திங்குத பண்டத்தத் தொடுதவ நான்."

பத்து நாள் கழித்துத் தலைவலி தாங்காமல் ஒரு துண்டு போடத்தான் செய்தாள். ருசித்தது, அதுதான் அருவருப்பு. பாதியில், அன்றைக்குத் தூரில் தொட்ட அந்த வழுவழுப்பு விரலில் ஏறியது போலிருந்தது. குழி தோண்டித் துப்பி மூடிவிட்டு, வாய் கொப்பளித்து நிரைக்குத் திரும்பினாள். முறிந்துபோக அங்கே சத்தியம் ஏது?

தை மாதம் பொன்ராஜ் அவளை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். "நாத்தம் இல்ல. பல்லுதான் சகிக்கல."

"பல்லாலயா காய் பொறுக்கப்போறேன், கங்காணி?"

"நாளைக்கு ஸ்டோருக்கு வா."

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு உலையில் விழும் ஒவ்வொரு மணியும் சுத்தமான கை தொட்டதாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் உண்டு வளரட்டும்.