உண்மையாக ஒரு வாக்கியம்

மருந்துக்கடை மாடியில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. டீச்சர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சொல்லும் வாக்கியம் தப்பாக இருக்கலாம், பொய்யாக இருக்கக் கூடாது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் பேச்சு வராது என்பது அவள் கட்சி.

அன்றைய பாடம், ஆணும் பெண்ணும் பழகுவதைச் சொல்லும் ஆங்கில வார்த்தைகள். பலகையில் 'டேட்டிங்' என்று எழுதியதுமே வகுப்பில் பாதிப் பேருக்கு இருமல் வந்துவிட்டது.

"ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்க வெளிய போறது டேட்டிங். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்கன்னா சீயிங் சம்ஒன். நாலு பேருக்குச் சொல்லியாச்சுன்னா ரிலேஷன்ஷிப். முடிஞ்சு போச்சுன்னா பிரேக்-அப்."

"எதுக்கு டீச்சர் இத்தனை? நம்மகிட்ட 'சுத்துறாங்க'ன்னு ஒண்ணே ஒண்ணு. எல்லாத்துக்கும் போதும்," என்றாள் நர்ஸ்.

டீச்சரும் சிரித்தாள். சிரித்தபடியே கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஆறேழு மாதமாக, வகுப்பு முடிந்ததும் அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக நடந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு காபிக் கடையில் சேர்ந்துகொள்கிறார்கள். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. கண்ணாமூச்சி ஆடுகிற வயசா இது?

அவர் அக்கா வீட்டோடு இருப்பவர். அக்கா என்றால் நடுக்கம். நேற்று டீச்சர் கேட்டே விட்டாள்: "என்னன்னு வேணாலும் சொல்லிக்குங்க. ஆனா உங்க அக்காகிட்ட சொல்லுங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்கு அலுத்துப் போச்சு."

"இனிமே யார்கிட்டயும் மறைக்க மாட்டேன்," என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார். அவளும் நம்பினாள். ராத்திரி முழுக்க மனசு பஞ்சாகப் பறந்தது.

ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம்தான் தன் மனைவியோடு டேட்டிங் போனதாக டிரைவர் உடைந்த ஆங்கிலத்தில் சொல்ல, வகுப்பே சிரித்தது.

அடுத்து கடைக்காரர். எழுந்தார். நர்ஸை ஒரு பார்வை பார்த்தார். நர்ஸ் வீடு அவர் அக்கா வீட்டுக்கு எதிர் வீடு. அவள் காதில் விழுந்தால், அவர் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

"ஐ ஆம் நாட் சீயிங் எனிஒன்."

ஒரு தப்பு இல்லை. இத்தனை மாதத்தில் அவர் திக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"ஐயோ பாவம்! டீச்சர், சாருக்கு நீங்களே ஒரு நல்ல பொண்ணா பாருங்க," என்றாள் நர்ஸ்.

அவர் பயந்தவர் என்று தெரிந்துதான் டீச்சர் பழகினாள். வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். இப்படித் தன்னைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

"இப்ப உங்க முறை டீச்சர்!" என்றார் டிரைவர். "சட்டம் எல்லாருக்கும்தானே?"

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"வீ ப்ரோக் அப்."

கடைசி பெஞ்சில் ஒரு தலை நிமிர்ந்தது.

"அடடா... எப்ப டீச்சர்?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

"இப்பத்தான்," என்றாள் டீச்சர்.