யாரும் போர்டைத் தொடக் கூடாது

எழில்மொழி டீச்சர் காலையிலிருந்தே வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னே? ஆசிரியர்கள் வகுப்பில் ஸ்மார்ட் போர்டை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்று மார்க் போட, கல்வி அலுவலகத்திலிருந்து சலாஹுதீன் சார் வருகிறார். மார்க் குறைந்தால் போர்டைக் கழற்றிச் சீர்காழிப் பக்கம் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். வந்த நாளிலிருந்து அதை ஆண்டுகொண்டிருந்ததோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான். டீச்சர் கேள்வி கேட்பதோடு சரி. இது வெளியில் தெரிந்தால் மானம் போகாதா?

"சார் இருக்கற வரைக்கும் ஒருத்தரும் போர்டத் தொடக் கூடாது. நான்தான் தொடுவேன்," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சார் டேப்லெட்டோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பாடம், நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகள். பிள்ளைகள் தங்கள் வயலில் எடுத்த படங்கள் போர்டில் இருந்தன. டீச்சர் ஒன்றைப் பெரிதாக்கப் போனார். அது தலைகீழாகத் திரும்பியது. நேராக்கப் போனார், காணாமலே போய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் குறை சொல்லவும் வழியில்லை, இதே போர்டில்தானே பிள்ளைகள் வெளுத்துக் கட்டினார்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்த மாணவி சுடர்விழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு மனசு தாளவில்லை. போர்டு போவதுதான் போகிறது, கடைசியாக ஒரு தடவை இதுகளாவது ஆசை தீரத் தொடட்டும்.

"எனக்கு வரல. நீங்களே வந்து செய்ங்க," என்று முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மடை திறந்தாற்போல் வகுப்பே எழுந்து வந்தது. சுடர்விழி தொலைந்த படத்தை மீட்டு, மடிந்த இலையைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"இலைச்சுருட்டுப் புழு டீச்சர். உள்ள இருக்கு."

"புழுவே தெரியல. எப்படிச் சொல்ற?" பழக்க தோஷம், டீச்சர் கேட்டேவிட்டார்.

"வெள்ளக் கோடு பாருங்க, சுரண்டித் தின்ன தடம். அதே இலையப் பிரிச்சும் எடுத்திருக்கேன்."

அடுத்த படத்தில் புழு சொகுசாகப் படுத்திருந்தது.

மணி அடித்தது. சார் டேப்லெட்டைக் காட்டினார்.

"ஆசிரியர் மட்டும் போர்ட இயக்குனா ஒரு மார்க்குதான். பிள்ளைங்க இயக்கி, ஆசிரியர் கேள்வி கேட்டா அஞ்சு. அதுக்கு மேல மார்க்கே இல்ல. போர்டு எங்கயும் போகாது டீச்சர்."

டீச்சர் துள்ளி எழுந்து சுடர்விழியைக் கட்டிக்கொண்டார்.

"ஆமா, இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைங்கள இத்தன நேரம் ஏன் கையக் கட்டி உக்கார வச்சிருந்தீங்க?" என்று கேட்டார் சார்.

"நீங்க வர்றீங்கன்னுதான் சார்," என்றார் எழில்மொழி.