முள் இறங்காத தொட்டி

அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில் ரோசேர் மிஷோவுக்கு இருந்த பெருமை வேறு யாருக்கும் இருந்திருக்காது. காரணம், அவர் வீட்டு நிலவறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி. நவம்பரில் நிரப்பியது, ஜனவரி பாதி போன பிறகும் அதன் அளவு காட்டும் முள் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி முள்ளைத் தரிசித்துவிட்டுத்தான் மனிதருக்குக் காபியே இறங்கும்.

எண்ணெய் லாரி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதுதான் அங்கே குளிர்கால வம்பு. பெட்ரோல் பங்க் கடையில் காபிக் கோப்பையோடு கூடும் ஆண்கள், லாரி வந்த வீட்டுக்காரரை அன்று முழுக்க ஓட்டித் தள்ளுவார்கள். ரோசேர் வீட்டுக்கு லாரி வரவே இல்லை. "அடுப்புக்குள்ளயே குடும்பம் நடத்துறியா?" என்று கடைக்காரர் கேட்டால், ரோசேருக்கு வாயெல்லாம் பல். வேலை பார்த்த காகித ஆலையை மூடியதில் இருந்து அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. கூடத்தில் பழைய விறகடுப்பு ஒன்றை வைத்திருந்தார். விறகு அவர் தோட்டத்து மரம்தான், காசில்லை. அடுப்புக்கு எதிர்ச்சுவரில் தெர்மோஸ்டாட். கூடம் குளிர்ந்துவிட்டது என்று அது சொன்னால்தான் நிலவறையில் கொதிகலன் கண் விழித்து, எண்ணெயைக் குடித்து, எல்லா அறைக் குழாய்களுக்கும் வெந்நீர் அனுப்பும். அடுப்பைப் பார்த்தபடி இருக்கிற தெர்மோஸ்டாட் எதற்குக் குளிருகிறது என்று சொல்லப்போகிறது? ரோசேர் பனியனோடு சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தார். இரவும் அங்கேயே தூக்கம்.

மனைவி லூசியென் மட்டும் கோடி அறையில், போர்ட்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்ட மகனின் அறையில், படுத்தாள். இலையுதிர்காலத்தில் குறட்டையைப் பற்றி ஒரு வாய்ச்சண்டை. "அவ்வளவு கஷ்டமா இருந்தா பையன் ரூமுக்குப் போ" என்று இவர் ஒரு கோபத்தில் சொன்னார். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு போனவள்தான், திரும்பி வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. அவள் பேச்சும் குறைந்துவிட்டது. சாப்பாடு முடிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இப்போது, பாங்கர் நகரில் இருக்கும் தன் தங்கை ஜனீன் வீட்டுக்குப் போகிறாளாம். பனி உருகும் வரை அங்கேதானாம். ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்புவதாகச் சனிக்கிழமை பீன்ஸைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். ரோசேர் தலையை ஆட்டினார். உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டார். பனி உருகும் வரை என்று போகிறவர்கள் பனி உருகியும் திரும்பாத வீடுகள் அந்த ஊரிலேயே உண்டு. போகாதே என்று சொல்ல நாக்கு வரை வந்தது. வந்ததை பீன்ஸோடு சேர்த்து விழுங்கினார்.

மறுநாள் அவள் கோவிலில் இருந்தபோது, பெட்டியையாவது வண்டியில் ஏற்றிவைப்போம் என்று கோடி அறைக்குள் போனார். சண்டைக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாக அந்தக் கதவைத் திறக்கிறார்.

மூச்சு புகையாக வந்தது. கட்டிலில் கம்பளிக்கு மேல் கம்பளி, அதற்கும் மேல் அவருடைய வேட்டைக் கோட்டு. அந்தக் கோட்டைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டாள் என்று டிசம்பர் முழுக்க முணுமுணுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு தம்ளர் தண்ணீர். கையில் எடுத்துச் சாய்த்தார். தண்ணீர் சாயவில்லை, உறைந்து கிடந்தது.

சுவரோரக் குழாயைத் தொட்டார். கொதிகலன் ஓடினால்தானே அதில் சூடு வரும்? இருபது வருடம் ஆலையில் மின்வேலை பார்த்த மனிதர். தெர்மோஸ்டாட் எப்படி வேலை செய்கிறது என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவர். பெண்டாட்டியைப் பனிக்கட்டிக்குள் படுக்கப்போட்டு அந்த மிச்சத்தைத்தான் கடையில் போய்த் தம்பட்டம் அடித்திருக்கிறார். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தம்ளரைப் பிடித்தபடி அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

லூசியென் வந்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

"ஏன் லூசி எங்கிட்ட சொல்லல?"

அவள் கையுறையைக் கழற்றாமல் நின்றாள். "ஆலைய மூடினதுல இருந்து உன் மூஞ்சியில சிரிப்ப நான் பாக்கல. அந்தக் கடையில இருந்து வர்றப்பதான் சிரிச்சிட்டு வந்த. அத நான் எப்படிக் கெடுக்கிறது?"

"கூடத்துல வந்து படுத்திருக்கலாமே."

"நீ கூப்பிட்டியா?"

ரோசேர் தம்ளரைக் கீழே வைத்தார். ஜனீன் வீட்டில் இருந்தால் தானும் குளிர் காயலாம், இவருடைய முள்ளும் இறங்காது என்று யோசித்துத்தான் கிளம்புவதாக மெதுவாகச் சொன்னாள். வேறு கோபம் எதுவும் இல்லையாம். கொஞ்சம் இருந்தது, அதுவும் குளிரில் போய்விட்டதாம்.

ரோசேர் எழுந்து கருவிப்பெட்டியைத் தேடிப் போனார். உள்ளே தண்ணீர் உறைந்திருந்தும் குழாய் நல்லவேளையாக வெடிக்கவில்லை. முடி உலர்த்தும் கருவியால் அதை இளக்கினார். பிறகு கூடத்துச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, கம்பியை நிலவறை வழியாக இழுத்து, கோடி அறையில் அவள் தலைமாட்டுக்கு மேலே பொருத்தினார். சாயங்காலம் அதை எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் திருகினார். கீழே கொதிகலன் உறுமியது. அவர் காதில் அது எண்ணெய் குடிக்கும் சத்தமாகத்தான் விழுந்தது. ஆனாலும் கீழே போய் முள்ளைப் பார்க்கவில்லை.

"இனிமே இந்த வீட்டுல குளிருதா இல்லையான்னு நீதான் சொல்லணும்" என்றார்.

லூசியென் குழாயில் கை வைத்துச் சூடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினாள். பிறகு தெர்மோஸ்டாட்டிடம் போய் அதைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள்.

ரோசேர் பதறினார். "ஏன் குறைக்கிற? எண்ணெய் போனா போகட்டும்."

"ஒருத்தி தனியாப் படுக்கத்தான் அவ்வளவு சூடு வேணும்" என்றாள் அவள். "போ, உன் தலகாணிய எடுத்துட்டு வா."