புகைபோக்கிக்கு மேலே நான்கு நட்சத்திரம்

பொம்மிடி ரயில் நிலையச் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹசீனாவுக்கு வானத்துப் பித்து. மாதம் பிறந்தால் போதும், 'இந்த மாத வானம்' என்று ஒரு பக்கம் எழுதி, கடைக்கு வருகிறவர்கள் கையிலெல்லாம் திணித்துவிடுவாள். ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவருக்கு வியாழன் கிரகமும் சேர்ந்து கிடைக்கும். பாதிப் பேர் அதில் போண்டா மடித்துக்கொண்டு போவது அவளுக்குத் தெரியாததில்லை. இருந்தும் விடமாட்டாள்.

டிகிரி, பாகை என்று எழுதினால் ஊரில் யாருக்குப் புரியும்? தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று, எது எதற்கு மேலே தெரிகிறதோ அதை அப்படியே எழுதிவிடுவாள். மே மாதப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'தென்சிலுவையைப் பார்க்க இதுதான் நல்ல மாதம். இரவு எட்டரை மணி. ராஜப்பன் அரிசி ஆலைப் புகைபோக்கிக்கு நேர் மேலே பட்டம் போல நான்கு நட்சத்திரங்கள். தவறவே விடாதீர்கள்!'

"ஒன்னுமே இல்லீங்களே" என்று நாலைந்து பேர் வந்து சிரித்தார்கள். மேகம் மறைத்திருக்கும் என்று அவளும் சிரித்துச் சமாளித்தாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு, கடை மூடுகிற நேரத்தில் பாஞ்சாலி வந்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவள். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆதார் அட்டையை நீட்டினாள்.

"எதுக்குங்க்கா ஜெராக்ஸ்?"

"கண்ணாஸ்பத்திரிக்கும்மா. கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டு ஒன்னு, பாதி முடிச்சிருந்தேன். காலைல திருப்பிக் குடுத்துட்டேன். கண்ணு போனவ அதுல ஊசி வெக்கலாமா?"

"கண்ணுக்கு என்னாச்சுங்க?"

பாஞ்சாலி குரலைத் தாழ்த்தினாள். "உங்க பேப்பர எம்மவ படிச்சுச் சொன்னா. மூணு நாளா வாசல்ல நின்னு அந்தப் புகைபோக்கி மேலயே பாக்கறேன். நீங்க எழுதுன நாலும் எனக்குத் தெரியவே இல்ல."

ஊரே காகிதத்தைச் சந்தேகப்பட்டது. இந்த ஒருத்தி மட்டும் காகிதத்தை நம்பி, தன் கண்ணைச் சந்தேகப்பட்டுவிட்டாள்.

"அங்க வேற ஒன்னுமே தெரியலீங்களா?"

"ஏழு தெரிஞ்சுது. கரண்டியாட்டம். நீங்க நாலுன்னுல்ல எழுதியிருந்தீங்க."

ஏழு. கரண்டி. சப்தரிஷி மண்டலம், வடக்கு வானம்! ஹசீனா தலையில் அடித்துக்கொண்டாள். தன் வீடு ஆலைக்கு வடக்கே. பாஞ்சாலி வீடு ஆலைக்குத் தெற்கே. தன் மாடியிலிருந்து தெற்கே தெரிகிற புகைபோக்கி, அவள் வாசலிலிருந்து வடக்கேதானே தெரியும்? ஊர் முழுக்கத் தன் மாடியிலேயே குடியிருப்பதாக நினைத்து இத்தனை மாதமும் எழுதித் தள்ளியிருக்கிறாள்!

ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். "உங்க வூட்டுக்குப் போலாம், வண்டில ஏறுங்க."

வாசலில் இறங்கியதும் பாஞ்சாலி பழக்கத்தில் புகைபோக்கியைப் பார்த்து நின்றாள். ஹசீனா அவள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

"நான் எழுதுனதுதாங்க்கா தப்பு. இங்க பாருங்க."

சேர்வராயன் மலை கருப்பாகப் படுத்திருந்தது. அதற்கு மேலே, சாயங்கால மழை கழுவிவிட்ட வானத்தில், நான்கு நட்சத்திரங்கள் நின்றன. உச்சியில் இருந்தது இளஞ்சிவப்பு. அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு எண்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. பாஞ்சாலியின் அம்மாவே அப்போது பிறந்திருக்கவில்லை. அத்தனை தூரம் தனியாக நடந்து வந்து, இந்த வாசலில், இந்த இரண்டு பெண்களின் கண்ணில் இறங்கியிருக்கிறது. எத்தனையோ முறை பார்த்தவள்தான், ஆனாலும் ஹசீனா கண்ணை எடுக்கவில்லை.

"யப்பா! மூணு நாளா என் முதுகுக்குப் பின்னாடியா நின்னுட்டிருந்துச்சு?" என்றாள் பாஞ்சாலி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "நாலுதான்னு எழுதியிருந்தீங்களா?"

"ஆமாங்க."

"அஞ்சு இருக்குதே. வலது பக்கம், கொஞ்சம் கீழ. ஊசி குத்துன மாதிரி சின்னதா ஒன்னு."

ஹசீனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அப்படி ஒன்று இருப்பதைப் படித்திருக்கிறாள். பத்து வருடத்தில் ஒரு நாளும் கண்டதில்லை. இன்றும் தெரியவில்லை.

"இருக்குதுங்க்கா" என்றாள். "அது இருக்குது. எனக்குத்தான் தெரியல."

மறுநாள் காலை கடைச் சுவரில் புதுப் பக்கம் ஒட்டியிருந்தது: 'புகைபோக்கியை மறந்துவிடுங்கள், என் தவறு. எந்தத் தெருவில் நின்றாலும் சேர்வராயன் மலைக்கு மேலே பாருங்கள். ஐந்து நட்சத்திரங்கள். ஐந்தாவதைக் கண்டு சொன்னவர் பாஞ்சாலி.'

கடையில் விட்டுப்போன ஆதார் அட்டையை வாங்கப் பாஞ்சாலி மத்தியானம் வரை வரவில்லை. ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கக் கல்யாணப் பெண் வீட்டுக்குப் போயிருந்தாள்.