மடவைக் குஞ்சுகளும் டோட்சேயும்

மழை விடவில்லை. காயல் பொங்கி, செனாமேயின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மண்சுவர் ஊறிப்போயிருந்தது. பக்கவாதத்தில் விழுந்த அவள் புருஷன் டோட்சே உள்ளே கட்டிலில் கிடந்தான். ஆள் மலை மாதிரி. நாலு பேர் தூக்கினால்தான் நகர்வான். தூக்கக்கூடிய நாலு பேருக்கும் அப்போது முகத்துவாரத்தில் காவல்.

கடலுக்கும் காயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் மளமளவென்று வடிந்துவிடும். விரல் நீளம்கூட வளராத மடவை மீன் குஞ்சுகளும் கூடவே கடலுக்குப் போய்விடும். அதனால் பூசாரி ஹியாட்ஸி மேட்டில் பனங்கீற்று நட்டுவைப்பார். அவர் அதைப் பிடுங்கும்வரை மணலில் இரும்பு படக்கூடாது; அதற்குத்தான் அந்தக் காவல்.

செனாமே மண்வெட்டியோடு வந்தாள்.

"பெரியய்யா, சுவரு இன்னைக்குத் தாங்காது. கீத்தைப் பிடுங்குங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பொறு தாயி. குஞ்சுக இப்பத்தான் கண்ணு தொறந்திருக்கு."

"மீனுக்குப் பாக்குறீங்க. என் மனுசனுக்கு யாரு பாப்பா?"

"படுத்த வாக்குலயே நீச்சல் கத்துக்கச் சொல்லு!" என்றான் காவலில் நின்ற அக்பேகோ. எல்லோரும் சிரித்தோம். குத்தல் பேச்சுக்கு எங்கள் ஆன்லோ கரையில் பஞ்சமே கிடையாது. மண்வெட்டியையும் அவனே பிடுங்கிக்கொண்டான்.

"இரும்புதானே ஆகாது?" என்று மண்டியிட்டு வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தாள். பூசாரியால் தடுக்க முடியவில்லை. தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழியை மூடியது. ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. "நண்டு தோத்துச்சு போ!" என்று பெண்கள் கைதட்டினார்கள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தும் அவள் நிறுத்தவில்லை. போய் அந்த ஆளைத் தூக்கி வெளியே போடுவோம் என்று ஒரு நாய்க்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் வீடு திரும்பியபோது சுவர் டோட்சேயின் மேல் கிடந்தது. அவள் அலறியதும், பிணத்தின் மேலிருந்து அதைப் புரட்ட நாற்பது பேர் ஓடினோம்.

ரெண்டு மாதம் கழித்துக் கீற்றைப் பிடுங்கி மேட்டை வெட்டியபோது வந்தது பாருங்கள் மீன்! ஒவ்வொரு மடவையும் சாண் நீளம். பூசாரி சொன்னது சரியாகப் போயிற்று, அதுதான் கொடுமை. முதல் கூடையை அவர் செனாமேக்கு அனுப்பினார். அக்பேகோ சுமந்துபோய் இறக்கினான். அவன் முகத்தில் வீசி எறிவாள் என்று பார்த்தோம். எறிந்திருந்தால் எங்களுக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் அடுப்பை மூட்டி மீனைச் சுட்டாள். சோளக்களியும் அரைத்த மிளகாயும் எடுத்து வைத்தாள்.

"சதை நல்லா பிடிச்சிருக்கு. காத்திருந்தது வீண் போகல. உக்காரு அக்பேகோ, சாப்புடு."

அவன் உட்கார்ந்தான். கூடை காலியாகும்வரை அவள் அவனை எழுந்திருக்க விடவில்லை.